வெற்றியைக் கணக்கிட்ட மனிதர்



1957ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள். வாஷிங்டன் நகரின் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் 53 வயது கணித மேதை ஒருவர் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயர் ஜான் வான் நியூமன். இன்றைய கணினிகளின் அமைப்புக்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் அவர். வணிகர்கள் முடிவெடுக்கும் முறையையும் அவருடைய கணக்கு மாற்றியது. அந்த வாழ்வை இன்று சற்றுச் சிந்திப்போம்.

1903 டிசம்பர் 28 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், வசதியான யூதக் குடும்பத்தில் நியூமன் பிறந்தார். தந்தை வங்கியாளர். வங்கி அலுவல்களை உணவு மேசையில் பிள்ளைகளோடு பேசுவது அவருடைய வழக்கம். கணிதத்தில் ஆர்வம் கொண்ட மகன் 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். 1930இல் மரியெட் என்பவரை மணந்தார். திருமணத்துக்கு முன் கத்தோலிக்கத் திருஅவையில் திருமுழுக்குப் பெற்றார். ஆனால் விசுவாச வாழ்வில் அவர் ஈடுபாடு காட்டவில்லை. பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் குடியேறினார்.

சீட்டாட்டம் அவருக்குப் பிடிக்கும். எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார், நாம் நினைப்பதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதே அந்த ஆட்டத்தின் உயிர். இதைக் கணிதமாக எழுத முடியும் என்று 1928இல் அவர் நிரூபித்தார். எதிராளி எப்படி ஆடினாலும் நமது இழப்பு மிகக் குறைவாக இருக்கும் வழியைக் கண்டுபிடிக்கலாம் என்பதே அதன் சாரம். 1944இல் பொருளியல் அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னுடன் இணைந்து இதை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். ஆட்டக் கோட்பாடு என்னும் துறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று விலை வைப்பதிலும், ஏலத்திலும், ஒப்பந்தப் பேச்சிலும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

கணக்குப் போடுவது பாவம் அல்ல. ஆனால் எதிரே இருப்பவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? ஒரு சிறிய ஆட்டத்தைப் பாருங்கள். ஒருவரிடம் 100 ரூபாய் தரப்படுகிறது. அதில் ஒரு பங்கை அடுத்தவருக்கு அவர் கொடுக்க வேண்டும். அடுத்தவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. வெறும் பணக் கணக்கின்படி 1 ரூபாய் கொடுத்தால் போதும்; ஒன்றும் இல்லாததைவிட 1 ரூபாய் மேல் அல்லவா? 1982இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இத்தகைய ஆட்டத்தை மனிதரை வைத்து நடத்திப் பார்த்தார்கள். பலர் பாதியை அல்லது அதற்கு நெருங்கிய பங்கைக் கொடுத்தார்கள். மிகக் குறைந்த பங்கை மறுத்தவர்களும் இருந்தார்கள். நியாயம் என்பதும் மனித மனத்தில் ஓர் எடைதான்.

ஆனால் மறுக்கவே முடியாதவர் எதிரே நின்றால்? அன்றைய கூலி இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்னும் நிலையில் உள்ள தொழிலாளி, 1 ரூபாய்க்கும் தலையசைப்பார். கணக்கு அதை வெற்றி என்று காட்டும். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடலில், வறுமையின் நெருக்கடியால் ஒருவர் ஏற்கும் கடுமையான ஒப்பந்தம் அவருக்கு இழைக்கப்படும் அநீதியே என்று போதித்தார். சம்மதம் கிடைத்துவிட்டது என்பதால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது.

நியூமன் மீது முழுப் பழியையும் போடுவது சரியல்ல. ஆதாயம் என்றால் பணம் மட்டுமே என்று அவருடைய கணிதம் கட்டளையிடவில்லை. எதை ஆதாயமாக எண்ணுகிறோம் என்பதை ஆடுபவரே நிரப்ப வேண்டும். அந்தக் கட்டத்தில் தொழிலாளியின் நலனையும் எழுதலாம்; வெறும் இலாபத்தையும் எழுதலாம். எழுதுவது நமது மனச்சான்று.

அவருடைய சொந்தக் கணக்குகள் சில நேரம் அஞ்சத்தக்கவையாக இருந்தன. 1945இல் அணுகுண்டு வீச வேண்டிய ஜப்பானிய நகரங்களைப் பரிந்துரைத்த குழுவில் அவர் இருந்தார். அந்த நகரங்களின் மக்கள் அந்த மேசையில் இல்லை.

1955இல் புற்றுநோய் தெரியவந்தது. மருத்துவமனையில் அவர் ஒரு குருவை அழைத்தார். நண்பர்கள் வியந்தார்கள். பெனடிக்ட் சபைத் துறவி அன்செல்ம் ஸ்ட்ரிட்மேட்டர் அவருக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார். ஆயினும் மரண பயம் அவரை விட்டு நீங்கவில்லை என்று அருகில் இருந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். கடவுள் இருந்தால் நம்புவதே ஆதாயம் என்னும் பாஸ்கலின் வாதம்கூட அவர் மனத்தில் இருந்தது என்பர். அதுவும் ஒரு கணக்காக இருந்திருக்கலாம். அதைத் தீர்ப்பிட நாம் யார்?

திராட்சைத் தோட்ட உரிமையாளரை நினைத்துப் பார்ப்போம். மாலை ஐந்து மணிக்கு வந்தவர்களிடம் பேரம் பேச எந்தப் பலமும் இல்லை. ஒரு மணி நேரக் கூலி கொடுத்தாலே போதும். அவரோ முழு நாள் கூலியைக் கொடுத்தார். கடைசி நேரத்தில் குருவை அழைத்த நியூமனுக்கும் நமக்கும் அந்த உரிமையாளர்தான் நம்பிக்கை.

அப்படியானால் நமது கடையில், பட்டறையில், வயலில், வீட்டில் நமக்காக உழைப்பவரிடம் நாம் எந்தக் கணக்கைப் போடுகிறோம்? மறுக்க முடியாதவருக்கு இந்த வாரம் நாம் கொடுக்கப்போகும் கூலி எவ்வளவு?