அயோத்திதாச பண்டிதரும் சிறு நன்மைகளும்

பெங்களூர்த் தண்டிலும் கோலார் தங்கவயலிலும் நம் முன்னோர் பஞ்சசீலம் ஏற்ற காலத்தை எண்ணுந்தோறும் அயோத்திதாச பண்டிதரின் உருவமே முதலில் நம் உள்ளத்தில் எழுகின்றது. அவரை வாதத்தில் வல்லவர் என்றும், பழஞ்சுவடிகளை ஆராய்ந்த அறிஞர் என்றும் போற்றுகின்றோம். அவர் செய்த சிறு நன்மைகளை அத்துணை நினைப்பதில்லை. அவற்றை இங்குச் சிறிது சிந்திப்போம்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்கு இளமையில் காத்தவராயன் என்பது பெயர். தமக்குக் கல்வி அளித்த அயோத்திதாசக் கவிராயரிடம் கொண்ட நன்றியால் அவ்வாசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். நன்றி மறவாமையே அவர் வாழ்வின் முதற்பாடம் எனலாம்.

1892இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் அவர் எழுந்து நின்றார். கோயில் நுழைவும், பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், உழுது பயிரிடத் தரிசு நிலமும் வேண்டினார். கோயிலைப் பற்றிய வேண்டுகோளுக்கு எதிர்ப்பும் இகழ்ச்சியுமே மறுமொழியாயின. மூடிய கதவின் முன்னே அவர் காலமெல்லாம் காத்திருக்கவில்லை. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். எவரையும் வாயிலில் நிறுத்திச் சாதி வினவாத இல்லமாக அது விளங்கிற்று. அதன் கிளைகள் பெங்களூர், மாரிக்குப்பம், இரங்கூன் முதலிய இடங்களிலும் தோன்றின.

பண்டிதர் சித்த மருத்துவர். இராயப்பேட்டையில் நோயால் கைகால் முடங்கிய சைவக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனுக்கு அவர் மருந்தளித்துக் குணப்படுத்தினார். அச்சிறுவன் வளர்ந்து, சைவப் பற்றின் மிகுதியால் சங்கக் கூட்டங்களுக்கு எதிர்வாதம் செய்யச் சென்றான். அவரே பின்னாளில் தமிழ்த்தென்றல் எனப் புகழ்பெற்ற திரு. வி. க. கருத்து வேறுபட்ட போதும் தம்மைக் காத்த மருத்துவரை அவர் மறக்கவில்லை. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்நன்றியைப் பதிவு செய்தார். புத்தர் பெருமானின் அறத்தையும் பிற்காலத்தில் போற்றினார். வாதத்தால் வெல்ல இயலாத உள்ளத்தில் ஒரு வேளை மருந்து இடம் பெற்றுவிட்டது.

1907 ஜூன் 19ஆம் நாள் அவர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயர் ஒரு பைசாத் தமிழன். விலையும் ஒரு பைசாவே. ஒரு ரூபாய்க்கு 64 பைசா வழங்கிய காலம் அது. கூலிக்கு உழைப்பவனும் வாங்கி, எழுத்தறியாத அயலானுக்குப் படித்துக் காட்டத்தக்க விலை. ஓராண்டுக்குப் பின் தமிழன் என்று பெயர் சுருங்கிய அவ்விதழை, 1914 மே 5ஆம் நாள் தாம் மறையும் வரை அவர் நடத்தினார். 1926இல் தங்கவயலில் அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பினார்.

சிறு நன்மை உரிமைக்கு ஈடாகுமோ என்று சிலர் வினவக்கூடும். ஆகாது. பண்டிதரும் அவ்வாறு எண்ணியவரல்லர். அநீதியைக் கண்டவிடத்து அவர் எழுதுகோல் மிகக் கடுமையாகவே பேசியது. கல்வியையும் நிலத்தையும் அவர் பிச்சையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்டார். ஆயினும் உரிமை வந்து சேரும் வரை மனிதன் நம்பிக்கை இழவாமல் வாழ வேண்டுமன்றோ? நோய்க்கு மருந்து, அறிவுக்கு ஒரு பைசா ஏடு, அமர்ந்து பேச ஓர் இல்லம் ஆகியவை அந்நம்பிக்கையை அணையாமல் காத்தன. மேலிருந்து இரங்கி இடுவது வேறு. உடன்பிறந்தார்போல் பகிர்ந்துகொள்வது வேறு. பண்டிதர் காட்டியது பின்னதையே.

இன்று தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அங்கே வரும் நோயாளருள் அவர் வரலாற்றை அறிந்தோர் சிலராகவே இருக்கலாம். அதனால் மருந்தின் பயன் குறைவதில்லை. நாமும் இவ்வாரம் நம் தெருவில் நோயுற்ற ஒருவரைச் சென்று காண்போம். எழுத்துக் கற்க விரும்பும் ஒரு குழந்தைக்கு அரைமணி நேரம் ஒதுக்குவோம். நம்மோடு மாறுபடுவோருக்கும் மனமுவந்து உதவுவோம். பஞ்சசீலத்தை நாவால் மட்டுமன்றிக் கையாலும் ஓதிய பண்டிதருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.