பரண்மீது காத்திருந்தவர்

நுழையும்முன்

பறவையின் ஒளிப்படத்தைக் காணும்போது நம் கண் பறவையை மட்டுமே பார்க்கிறது. படமெடுத்தவர் எங்கே இருந்தார், எத்தனை நாள் காத்திருந்தார், அந்நாள்களில் கூட்டிலிருந்த குஞ்சுகள் என்னவாயின என்னும் வினாக்களுக்குப் படத்தில் விடை இராது. அவ்வினாக்களை வாழ்நாள் முழுவதும் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்ட ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங்கின் வாழ்க்கை வரலாறு இது.

பெட்டிக்குள் அடங்காத கூடு

எரிக் ஹாஸ்கிங் 1909ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை கணக்கர். சிறுவயதிலேயே எரிக்கின் கைக்கு 'பாக்ஸ் பிரவுனி' என்னும் எளிய பெட்டிக் கேமரா வந்து சேர்ந்தது. கோடக் நிறுவனத்தின் அக்கருவி, ஒரு பெட்டி, ஒரு சிறு வில்லை, ஒரு படச்சுருள் ஆகியவற்றால் ஆனது, அவ்வளவுதான். பொருள் அருகில் இருந்தால் ஒருவகையாகவும் தொலைவில் இருந்தால் வேறுவகையாகவும் வில்லையைச் சரிசெய்துகொள்ள அதில் வழியில்லை. சில அடி தொலைவிலுள்ள எதுவும் அதில் மங்கலாகவே விழும். பறவைக்கூட்டைப் படமெடுக்க அதைவிடப் பொருந்தாத கருவி வேறில்லை. சிறுவன் எரிக் அதைக்கொண்டு செய்ய விரும்பியதோ அதைத்தான்.

அக்காலத்து ஆங்கிலச் சிறுவர்கள் பறவைக்கூடு தேடிப் புதர்களில் அலைவது இயல்பு. ஆனால், பலர் முட்டையை எடுத்துச் சென்று துளையிட்டு, உள்ளிருப்பதை ஊதி நீக்கி, வெறும் ஓட்டைப் பஞ்சுமேல் அடுக்கி வைப்பர். முட்டையைக் கூட்டிலேயே விட்டுவிட்டு அதன் உருவை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்பது ஒரு புதிய எண்ணம். அதற்கு வழிகாட்டியவர்கள் ரிச்சர்டு கியர்ட்டன், செரி கியர்ட்டன் என்னும் உடன்பிறப்புகள். 1895ஆம் ஆண்டு, பிரித்தானியப் பறவைகளின் கூடுகளைப் பற்றிய ஒரு நூலை அவர்கள் முற்றிலும் ஒளிப்படங்களைக் கொண்டே வெளியிட்டனர். பறவைகளை நெருங்குவதற்காக, எருதின் தோலைப் பாடம்செய்து உள்ளீடற்ற பொய்மாடு ஒன்றை உருவாக்கி, அதனுள் புகுந்து நின்று படமெடுத்தவர்கள் அவர்கள். இன்று படிக்கையில் நகைப்பு எழலாம். உள்ளே நின்றவரின் முதுகுவலியை எண்ணினால் அது மறைந்துவிடும்.

ஹாஸ்கிங் பதினைந்து வயதில் பள்ளியை விட்டு விலகி, மோட்டார் வண்டி நிறுவனம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார். 1929ஆம் ஆண்டு அவ்வேலை பறிபோயிற்று. வேலையற்று நின்ற இளைஞருக்கு இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. யானைச் சீல் என்னும் பெரிய கடல்விலங்கின் அருகே ஒரு சிறுமியை நிறுத்தி அவர் எடுத்த படம் செய்தித்தாளில் வெளியாயிற்று. அன்றுமுதல் ஒளிப்படமே அவர் தொழிலாயிற்று. எனினும், பறவைகள் சோறு போடவில்லை. குழந்தைகளையும் திருமணங்களையும் படமெடுத்து ஈட்டிய பொருளைக்கொண்டே பறவைகளைத் தேடிச் சென்றார்.

மறைந்திருக்கும் கலை

ஹாஸ்கிங் தொடக்க காலத்தில் பயன்படுத்திய கருவியில் படச்சுருள் கிடையாது. ஒளியுணரும் மருந்து பூசிய கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். ஒரு தகட்டில் ஒரு படம். அது முடிந்ததும் தகட்டை உருவி, மற்றொன்றைச் செருகி, மூடியைக் கையால் மீண்டும் முறுக்கி வைக்க வேண்டும். இன்று ஒரு நொடியில் பத்து, இருபது படங்கள் எடுக்கும் கருவிகள் உள்ளன. அன்று பறவை கூட்டுக்கு வந்து, இரையை ஊட்டி, தலை நிமிரும் ஒரே ஒரு கணத்தைக் கணித்து விசையை அழுத்த வேண்டும். தவறினால் பறவை அடுத்தமுறை வரும்வரை காத்திருத்தலன்றி வேறுவழி இல்லை.

இத்தகைய கருவியோடு பறவையை நெருங்க வேண்டுமானால் மனிதன் மறைய வேண்டும். கியர்ட்டன் சகோதரர்களின் பொய்மாட்டுக்கு மாறாகத் துணியாலான சிறு கூடாரமே ஹாஸ்கிங்கின் மறைவிடம். அதை அமைக்கும் முறையில்தான் அவரது கலையின் பெரும்பகுதி அடங்கியிருந்தது.

கூடாரத்தைக் கூட்டின் அருகே நேரே கொண்டுபோய் நடுவதில்லை. முதலில் பறவை பொருட்படுத்தாத தொலைவில் அதை நிறுத்திவிட்டு அகன்றுவிட வேண்டும். தாய்ப்பறவை அச்சமின்றிக் கூட்டுக்குத் திரும்புகிறதா என்று எட்ட நின்று நோக்க வேண்டும். திரும்பினால், மற்றொரு நாள் சில அடி முன்னே நகர்த்தலாம். திரும்பவில்லையெனில் கூடாரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு படமெடுக்கும் தொலைவை எட்டுவதற்கே பல நாள்கள் கழியும். வில்லையின் குறுக்கே நிற்கும் கிளைகளை வெட்டுதல் ஆகாது. மெல்ல வளைத்துக் கயிற்றால் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இலைமறைவு நீங்கினால் குஞ்சுகளை வெயில் வாட்டும், காகங்கள் கண்டுகொள்ளும்.

மறைவிடத்தினுள் புகுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. தனியாக ஒருவர் உள்ளே சென்றால், மரக்கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பறவை அதை அறிந்துகொள்ளும். அவர் வெளியேறும்வரை கூட்டுக்கு வாராது. ஆகவே, இருவராகச் செல்வர். ஒருவர் உள்ளே தங்க, மற்றவர் பறவையின் கண்ணில் படும்படி வெளியேறித் தொலைவுக்கு நடந்துவிடுவார். வந்தோர் எத்தனை பேர், போனோர் எத்தனை பேர் என்று பெரும்பாலான பறவைகள் கணக்கிடுவதில்லை. ஆள் போய்விட்டான் என்று கருதிக் கூட்டுக்குத் திரும்பிவிடும்.

உள்ளே இருப்பவர் பாடு வேறு. காலை நீட்ட இடமிராது. இருமல் வந்தால் அடக்க வேண்டும். முகத்தில் கொசு அமர்ந்தாலும் கையை ஓங்க இயலாது. மணிக்கணக்கில் அவ்வாறு இருந்தபின், வானம் இருண்டு மழை வரும்போல் தோன்றினால், ஒரு படமும் எடுக்காமலேயே வெளியேறிவிட வேண்டியிருக்கும். ஏனெனில், மழையிலும் குளிரிலும் தாயின் உடற்சூடு கிட்டாத முட்டைகள் கெட்டுவிடும், குஞ்சுகள் விறைத்துப்போகும். பறவையின் நலமே முதன்மையானது, படம் அதற்கு அடுத்ததே என்பதில் ஹாஸ்கிங் விட்டுக்கொடுத்ததில்லை. இவ்வொழுங்கைச் சொல்வது எளிது. பல நாள் உழைப்பும் செலவும் வீணாகும் வேளையில் அதைக் கடைப்பிடிப்பதுதான் அரிது.

ஆந்தை அடித்த இரவு

1937ஆம் ஆண்டு மே மாதம், வேல்சு நாட்டிலுள்ள டோல்டவ்லோட் என்னுமிடத்தில் ஓர் ஆந்தைக் குடும்பத்தை ஹாஸ்கிங் படமெடுத்துவந்தார். பழுப்புநிற இறகுகளைக் கொண்ட காட்டு ஆந்தைகள் அவை. கூடு உயரத்தில் இருந்தமையால், அதற்கிணையாகப் பரண் கட்டி, அதன்மேல் மறைவிடத்தை அமைத்திருந்தார். குஞ்சுகள் வளரும் பருவத்தில் இவ்வாந்தைகள் கூட்டை நெருங்கும் எவரையும் எதிர்க்கத் தயங்கமாட்டா. இதை அவர் அறிந்தே இருந்தார்.

ஓர் இரவு, இருளில் அவர் பரண்மீது ஏறினார். ஆந்தை பறந்து வரும் ஓசை மனிதச் செவிக்கு எட்டாது. அதன் சிறகின் முன்விளிம்பு சீப்பின் பற்களைப்போலப் பிளவுபட்டிருக்கும். பின்விளிம்பில் மென்மையான தொங்கல் இழைகள் உண்டு. மேற்பரப்பு பட்டுப்போல மிருதுவானது. இவை மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலை அடக்கிவிடுகின்றன. எலியின் செவியைக் கடப்பதற்கென இயற்கை அளித்த இவ்வமைதி, அன்றிரவு ஒரு மனிதரின்மேல் பாய்ந்தது. முகத்தில் ஏதோ மோதியதை மட்டுமே அவர் உணர்ந்தார். ஆந்தையின் கூருகிர் இடக்கண்ணைத் துளைத்திருந்தது.

இலண்டனிலுள்ள மூர்ஃபீல்ட்சு கண் மருத்துவமனைக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். காயத்தில் நச்சுக்கிருமிகள் பரவின. பென்சிலின் மருத்துவப் பயன்பாட்டுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய காலம் அது. ஒரு கண் ஆழக் காயமுற்றால், அதன் விளைவாக நலமாயுள்ள மறுகண்ணும் பார்வையை இழக்கும் இடருண்டு. காயமுற்ற கண்ணை அகற்றிவிடுவதா, அன்றி இருகண்ணையும் இழக்கும் இடரோடு காத்திருப்பதா என்னும் முடிவை அவர் எடுக்க வேண்டியிருந்தது. கண்ணால் பிழைக்கும் தொழில், வயது இருபத்தேழு. கண்ணை அகற்ற அவர் இசைந்தார்.

செய்தித்தாள்கள் இந்நிகழ்ச்சியைப் பெரிதாக வெளியிட்டன. கொடிய பறவை மனிதனைக் குருடாக்கியது என்பதுபோன்ற கதைக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது. ஆயினும், ஹாஸ்கிங் அக்கதையை ஏற்கவில்லை. தன் குஞ்சுகளைக் காக்க அந்த ஆந்தை போராடியது. இருளில் அதன் வீட்டு வாயிலுக்குச் சென்றவர் அவர். எனவே, பறவையின்மீது அவருக்குச் சினம் எழவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளிவந்த சின்னாள்களிலேயே மீண்டும் ஆந்தைகளைப் படமெடுக்கச் சென்றார். ஒரே ஒரு மாற்றம்: வாட்போர்ப் பயிற்சியில் வீரர்கள் அணியும் கம்பிவலை முகமூடியை அணிந்துகொண்டார்.

ஒளிப்படக் கருவியின் காட்சித்துளையில் ஒரு கண்ணை வைத்துத்தான் எவரும் பார்க்கிறோம் என்பதால் இழப்பு பெரிதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. பொருள்களின் தொலைவை நெருக்கத்தில் சரியாக மதிப்பிட இருகண்களும் வேண்டும். அவர் ஏறவேண்டியவையோ ஏணிகளும் பரண்களும். அதிலும் பலமுறை இருளில். அவர் அத்தொழிலைக் கைவிடவில்லை.

இரவைப் பிடித்த ஒளி

ஆந்தைகள்மீது கொண்ட ஈடுபாடு அவரை மற்றொரு சிக்கலுக்கு இட்டுச்சென்றது. இரவில் உலவும் பறவையை எவ்வாறு படமெடுப்பது? ஒருமுறை எரிந்ததும் பயனற்றுப்போகும் ஒளிக்குமிழ்களை அவர் முப்பதுகளிலேயே பயன்படுத்திவந்தார். அவை கூட்டில் அமர்ந்திருக்கும் பறவைக்குப் போதும். பறக்கும் சிறகுக்குப் போதா; சிறகு வெறும் புகைபோலவே படத்தில் விழுந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், மின்னணு முறையில் இயங்கும் ஒளிவீச்சுக் கருவி அவருக்கு வாய்த்தது. இன்று நாம் 'பிளாஷ்' என்று வழங்குவதன் முன்னோடி அது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருளன்று. சுமந்து செல்வதே ஒரு வேலை. ஆனால், அதன் ஒளி ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைந்த நேரமே நிற்கும். அக்குறுகிய கணத்தில் சிறகு அசையாது நிற்பதுபோல் பதிவாகும். பறவை ஓர் ஒளிக்கற்றையைக் குறுக்காகக் கடக்கும்போது, அதுவே விசையை இயக்கித் தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளும் அமைப்பையும் அவர் பயன்படுத்தினார். பறக்கும் பறவையின் இறகுகள் ஒவ்வொன்றும் எவ்வாறு விரிகின்றன, எவ்வாறு மடிகின்றன என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அறிஞர்களுக்கும் கிட்டியது.

1948இல் அவர் எடுத்த கூகையின் படம் உலகப்புகழ் பெற்றது. வெண்மார்புக் கூகை, அலகில் வயலெலியைக் கவ்வியபடி, இருசிறகையும் மேலுயர்த்தி நிற்கும் காட்சி அது. அரச முத்திரையில் பொறிக்கப்பட்ட பறவையோ என ஐயுறத்தக்க செம்மை அதில் உண்டு. அவர் எடுத்தவற்றுள் அதுவே தலைசிறந்தது என்பது என் கருத்து. அதன் அழகைக் காட்டிலும், கூகை நம்மைப் பொருட்படுத்தாமல் தன் வேலையில் இருப்பதே அதற்குக் காரணம்.

பிற்காலம்

'நியூ நேச்சுரலிஸ்ட்' என்னும் புகழ்பெற்ற இயற்கைநூல் வரிசையின் ஒளிப்பட ஆசிரியராக ஹாஸ்கிங் பணியாற்றினார். 1956, 1957ஆம் ஆண்டுகளில், கய் மவுண்ட்ஃபோர்ட் தலைமையிலான குழுவோடு எசுப்பானியா நாட்டின் டொன்யானா சதுப்புநிலத்துக்குச் சென்றார். அங்கு அவர் எடுத்த படங்கள் 1958இல் நூலாக வெளிவந்து, அந்நிலத்தின் அருமையைப் பலருக்கும் உணர்த்தின. 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களுள் மவுண்ட்ஃபோர்ட்டும் ஒருவர். அந்நிதியத்தின் துணையோடு டொன்யானாவில் நிலம் வாங்கப்பட்டது. 1969இல் அது தேசியப் பூங்காவாயிற்று. ஜோர்டான் பாலைநிலம், சுந்தரவனக் காடுகள் உள்ளிட்ட அன்றைய பாகிஸ்தான் பகுதிகள் எனப் பின்னரும் பயணங்கள் தொடர்ந்தன.

அவர் தாமே பின்பற்றிவந்த ஒழுங்கு, மெல்ல நாட்டின் சட்டத்துக்குள்ளும் இடம்பெற்றது. அரிய பறவைகளை அவற்றின் கூட்டருகே தொல்லைப்படுத்துவதை 1967ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியாவில் தடைசெய்தது. அத்தகைய கூடுகளைப் படமெடுக்க முன் இசைவு வேண்டும் என்றாயிற்று. 1970இல் தம் வாழ்க்கை வரலாற்றை அவர் வெளியிட்டார். 1977இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஓ.பி.இ. என்னும் விருதை வழங்கியது.

எழுபது வயதைக் கடந்தபின், 1982இல், ஆந்தைகளுக்கென்றே ஒரு நூலை ஹாஸ்கிங் வெளியிட்டார். டோல்டவ்லோட் இரவுக்குப் பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. 1991ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அவர் மறைந்தார். தந்தையின் தொழிலையே மேற்கொண்ட அவருடைய மகன், அவர் விட்டுச்சென்ற ஒளிப்படத் தொகுப்பைப் பேணும் பணியை ஏற்றார்.