லைப்ரரி கார்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார்: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

தென்காசி வ.உ.சி. வட்டார நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தவர்களுக்கு நடைமுறை தெரியும். படிவம் நிரப்பணும், காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டணும், கார்டு வாங்கணும். அப்புறம் நாமே அலமாரியில் தேடி, பிடித்த புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஒரு காலத்தில் இது இவ்வளவு எளிதாக இல்லை. நிலைமை மாறியதில் பெரிய பங்கு சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியருக்கு உண்டு.

கணக்கிலிருந்து நூலகத்துக்கு

1892 ஆகஸ்டில் பிறந்தவர் ரங்கநாதன். ஆறு வயதில் அப்பாவை இழந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று பாடம் நடத்தினார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார்.

அந்த வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாளெல்லாம் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாமல், சில நாளிலேயே வகுப்பறைக்குத் திரும்பப் பார்த்தார். லண்டன் போய்ப் பயிற்சி முடித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். கூலித் தொழிலாளி முதல் குழந்தைகள் வரை எல்லாரும் புத்தகம் எடுத்துப் போவதைக் கண்டார். 1925-ல் ஊர் திரும்பியவர் அதன்பின் கணிதம் கற்பிக்கத் திரும்பவே இல்லை.

பூட்டு திறந்தது

அப்போது நூலகம் என்றாலே புத்தகத்தைப் பாதுகாக்கும் இடம். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார். ரங்கநாதன் அலமாரிகளை வாசகர்களுக்கே திறந்துவிட்டார். 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகள் வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். சாரம் இவ்வளவுதான்.

இரவல் விதிகளுக்கு என்ன சம்பந்தம்?

தவணைத் தேதி எதற்கு என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். போட்டித் தேர்வுப் புத்தகம் ஒன்றை மேலகரத்தில் ஒருவர் மூன்று மாதம் வீட்டிலேயே வைத்திருந்தால், அதே புத்தகத்துக்காகக் குற்றாலத்திலிருந்து பஸ் ஏறி வரும் பையன் வெறுங்கையோடு திரும்புவான். இரண்டாவது விதி அங்கேயே உடைந்துபோகிறது. தாமதக் கட்டணம் அந்தப் பையனுக்காகத்தான். அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றை இரவல் தராமல் அங்கேயே படிக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். ஒருவரே எடுத்துப் போய்விட்டால் மற்ற எல்லாருக்கும் நஷ்டம்.

சட்டம் வந்த கதை

நல்ல மனசுக்காரர்களின் நன்கொடையை மட்டும் நம்பினால் ஊருக்கு ஊர் நூலகம் வராது என்பது ரங்கநாதனுக்குத் தெரியும். 1930-லேயே ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தார். அந்த முயற்சி சட்டமாக 18 ஆண்டுகள் ஆயின. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாவது இதனால்தான். தென்காசியில் வீட்டு வரி கட்டுபவர், நூலகத்தில் கால் வைக்காவிட்டாலும், அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் நூலகத்தில் புத்தகம் கேட்பது சலுகை இல்லை, உரிமை.

கடைசிக் காலம்

20 ஆண்டுகள் சென்னையில் உழைத்த பிறகு காசி, டெல்லி என்று பணியாற்றினார். 1957-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றை உருவாக்க சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் காலமானார். அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12, இந்தியாவில் நூலகர் தினம்.

கார்டு இல்லாதவர்கள் அடையாளச் சான்றோடு அருகிலுள்ள நூலகத்துக்குப் போய்க் கேட்டாலே போதும். ஏற்கெனவே கார்டு உள்ளவர்கள், வீட்டு அலமாரியில் தவணை தாண்டிய புத்தகம் ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்காக யாராவது காத்திருக்கலாம்.