தரையில் விழுந்த இடுக்கி, பழி சுமந்த விஞ்ஞானி: யார் இந்த ஹாஃப்கின்?

பார்மசி மாணவர்களுக்கு மைக்ரோபயாலஜியில் ஸ்டெரிலைசேஷன் பாடம் உண்டு. எந்தக் கருவியை எவ்வளவு சூடாக்கணும்னு மனப்பாடம் பண்ணி, எக்ஸாம்ல எழுதிட்டுப் போயிடுவாங்க. வால்டெமர் ஹாஃப்கினின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது அந்தப் பாடம்தான்.

1860-ல் ஒடெசாவில் (இன்றைய உக்ரைன்) பிறந்த யூதர் அவர். பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் முதலில் கிடைத்தது உதவி நூலகர் வேலை. ஆமாம், நூலகர்! அங்கே இருந்துகொண்டே காலரா கிருமியை ஆராய்ந்தார். 1892-ல் தடுப்பூசி தயாரானதும் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டே இந்தியா வந்துவிட்டார்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அரசு அவரை அங்கே அனுப்பியது. இறைச்சிச் சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டார். கிருமிகள் அவற்றிலிருந்து விழுது மாதிரி கீழே தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூடாக்கிக் கொன்றால் தடுப்பூசி. 1897 ஜனவரி 10 அன்று அதையும் முதலில் போட்டுக்கொண்டது அவர்தான்.

முல்கோவால் கிராமத்தில் நடந்தது என்ன?

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவாலில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) 107 பேருக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதில் ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேரும் டெட்டனஸ் வந்து இறந்தார்கள்.

பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. தடுப்பூசியில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை அவர் நிறுத்தி, வெப்பத்தை மட்டும் நம்பியதுதான் தப்பு என்றார்கள். விசாரணைக் கமிஷனும் பாட்டில் லேபிலேயே கெட்டுவிட்டது என்றது. பதவி போனது.

ஆனா விசாரணையில் இன்னொரு விஷயமும் பதிவாகியிருந்தது. கார்க்கை எடுக்கும் இடுக்கி தரையில் விழுந்திருக்கு. உதவியாளர் அதைத் தீயில் காட்டாமல், கார்பாலிக் கரைசலில் அலசிவிட்டு அப்படியே பயன்படுத்தியிருக்கார். மண்ணில் இருக்கும் டெட்டனஸ் ஸ்போர்களுக்கு கடினமான உறை உண்டு. அந்த அலசலுக்கெல்லாம் அவை சாகாது. இன்னொன்று, டெட்டனஸ் கிருமி வளர்ந்த திரவம் நாறும். லேபிலேயே கலந்திருந்தால், பல நாள் மூடிக்கிடந்த பாட்டிலைத் திறந்ததுமே நாற்றம் அடித்திருக்கணும். அடிக்கவில்லை.

இதை அரசு ஏற்க ஐந்து வருஷம் ஆச்சு. மலேரியா ஆய்வுக்காக நோபல் பெற்ற ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட 10 விஞ்ஞானிகள், 1907-ல் லண்டன் டைம்ஸுக்குக் கடிதம் எழுதினார்கள். அதற்குப் பிறகே ஹாஃப்கினுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அதுவும் கல்கத்தாவில், அவர் உருவாக்கிய பம்பாய் ஆய்வகத்தில் இடம் காலியில்லையாம்!

1925-ல் அந்த ஆய்வகத்துக்கே ‘ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட்’ என்று பெயர் மாற்றினார்கள். அப்போது அவர் இந்தியாவைவிட்டுப் போய் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் இறந்தார். மும்பை பரேலில் அந்தப் பெயர்ப் பலகை இன்றும் இருக்கிறது.