அழுகுரல் தேடிச் சென்ற கலீஃபா

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருணாபுரத்தில் எழுந்த ஒப்பாரி நாடெங்கும் கேட்டது. ஆனால், கூலிப்பணம் சாராயத்துக்குப் போகும் வீட்டில் தாயும் பிள்ளைகளும் சத்தமில்லாமல் அழுவது ஒரே நாளில் தொடங்குவதில்லை. அந்த அழுகையை நம்மில் யார் கேட்டோம்? இதை நினைக்கும்போதெல்லாம் உமர் (ரலி) அவர்களின் வாழ்வு நம்மைக் குத்துகிறது.

மக்காவில் கடுமைக்குப் பெயர்போனவர் உமர். நபி (ஸல்) அவர்களைக் கொல்ல வாளேந்திப் புறப்பட்டவர், வழியில் சகோதரி ஃபாத்திமா இஸ்லாத்தை ஏற்ற செய்தியறிந்து அவர் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே தாஹா அத்தியாயத்தின் வசனங்கள் அவருடைய உள்ளத்தை இளக்கின. இறைவனின் பேச்சைக் கேட்ட அந்தக் காது, பின்னர் மனிதர்களின் வேதனைக்கும் திறந்தது.

கவ்லா (ரலி) என்ற பெண்மணி, கணவர் தம்மைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கியதை நபியவர்களிடம் முறையிட்டார். அதே வீட்டில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே முழுதும் கேட்காத மெல்லிய குரல் அது. அல்லாஹ் கேட்டான், முஜாதலா அத்தியாயத்தை இறக்கினான். பல ஆண்டுகள் கழித்து, கலீஃபாவாக இருந்த உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி அதே கவ்லா நெடுநேரம் அறிவுரை கூறினார். உடன் வந்தவர் சலித்துக்கொண்டார். ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் செவிசாய்த்த பெண்ணுக்குத் தாம் செவிசாய்க்காமல் இருப்பதா என்று அவருக்கு உணர்த்திவிட்டு, உமர் நின்றபடியே கேட்டார்கள்.

634 முதல் 644 வரை ஆட்சி செய்த அவர்கள், இரவில் மதீனாவைச் சுற்றிவருவது வழக்கம். ஓரிரவு, ஊருக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் மூன்று முறை சென்று விசாரித்தார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத தாய் உண்மையைச் சொன்னார்: பால் மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் சில மாதக் குழந்தைக்குப் பாலை நிறுத்துகிறேன்.

தம்முடைய சட்டமே பச்சிளம் குழந்தைகளைப் பட்டினி போட்டிருக்கிறது! அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் கிராஅத்தே மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை என்று உடனே ஆணை பிறந்தது.

அந்தக் காது மதம் பார்க்கவில்லை. வாசலில் கையேந்தி நின்ற முதிய யூதரை வீட்டுக்கு அழைத்துச் சென்று கொடுத்து, அவரைப் போன்றோரின் ஜிஸ்யா வரியையும் நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவ ஏற்பாடு செய்தார்கள்.

நாம் தொழுகையில் குர்ஆன் கேட்கிறோம். ஆனால் பக்கத்துத் தெருவில் அடுப்பெரியாத வீடு எது? கல்வராயன் மலையிலிருந்து பிழைப்புக்காக இறங்கி வரும் பழங்குடிக் குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா? ஜனாஸா வந்தபின் ஓடிச்செல்வது நன்மைதான். அதற்கு முன்பே கதவைத் தட்டி விசாரிப்பதுதான் உமரின் வழி. ஒவ்வொரு ஜமாஅத்தும் வாரத்தில் ஓர் இரவை இதற்கென ஒதுக்கினால் போதும்.

சொல்லப்படாத துயரங்களைக் கேட்கும் காதை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.