மதுவிலக்குக்கு உழைத்த இராஜாஜி

பொதிகையிற் பிறந்த பொருநையாறு இருமருங்கும் நெல்வயல்களை வளப்படுத்திக்கொண்டு கிழக்கே சென்று கடலொடு கலக்கின்றது. அதன் தெற்கே செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் விரிந்து கிடப்பதை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். அப்பனையின் பாளையைச் சீவி வடிக்குஞ் சாறு, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வீழுமாயின் பதநீராகும். சுண்ணாம்பில்லாக் கலயத்தில் வீழுமாயின் நுண்ணுயிர்களாற் சில மணி நேரத்திற்குள் புளித்துக் கள்ளாகும். பதநீர் காய்ச்சப்பட்டுக் கருப்பட்டியாகி ஏழையின் குடிலுக்கு அரிசியையும் துணியையும் கொண்டுவரும். கள்ளோ, அவ்வரிசியையும் துணியையும் கொண்டுபோய்விடும். மரமும் ஒன்று, சாறும் ஒன்று, பயன் மட்டும் இருவேறு.

இவ்வேறுபாட்டை அரசியற் கருமமாக்கிச் சட்டசபைக்குக் கொண்டுசென்று, ஒரு ஜில்லா முழுவதிலும் மதுக்கடைகளை மூடிக்காட்டியவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். இராஜாஜி என்றே நாடு அவரை அறியும். அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்ததும், இராமகாதையைத் தமிழில் எளிய உரைநடையில் எழுதியதும் பலரும் அறிந்தவை. ஆயின் இளமை கழிந்த நாள் முதல் இறுதி மூச்சு வரை அவர் கைவிடாது பற்றியிருந்த தொண்டு மதுவிலக்கேயாம். போதைப்பொருள்களால் இளைஞர் சீரழிவது பெருங்கவலையாகியுள்ள இக்காலத்தில், அன்னாரின் வரலாற்றை அத்தொண்டின் வழிநின்று ஆராய்வது நமக்குப் பெரிதும் பயன்படும்.

சேலம் ஜில்லாவில் அந்நாளிற் சேர்ந்திருந்த ஓசூருக்கு அணித்தான தொரப்பள்ளி என்னுஞ் சிற்றூரில், 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இராஜாஜி பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி ஐயங்கார் அவ்வூர் முன்சீபாக இருந்தவர், தாயார் சிங்காரம்மாள். ஓசூரிற் பள்ளிக்கல்வியும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிற் பட்டப்படிப்பும், சென்னையிற் சட்டப்படிப்பும் முடித்து, 1900-ஆம் ஆண்டிற் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். கூரிய அறிவும் சுருங்கச் சொல்லும் ஆற்றலும் அவருக்கு விரைவிற் புகழையும் பெரும்பொருளையும் ஈட்டித் தந்தன. 1917-ஆம் ஆண்டு சேலம் நகரசபையின் தலைவரானார். 1919-ஆம் ஆண்டு சென்னையில் காந்தியடிகளைக் கண்டபின் அவர் வாழ்வு வேறு திசையிற் சென்றது. ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது வருவாய் மிக்க தொழிலைத் துறந்தார்; 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்து மூன்று திங்கள் அங்கிருந்தார். அவ்வியக்கத்தின்போதே கள்ளுக்கடை மறியல் தமிழ்நாடெங்கும் பரவிற்று. ஈரோட்டுப் பெரியார் ஈ. வெ. இராமசாமியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டி வீழ்த்தினார்.

மறியல் ஓய்ந்தவுடன் கடைகளிற் கூட்டம் மீண்டும் கூடியது. கடைவாயிலில் நின்று தடுப்பது சின்னாட் செயல். குடியானவனின் வாழ்வையே சீர்செய்வது நெடுநாட் செயல் என்பதை இராஜாஜி உணர்ந்தார். அவ்வெண்ணத்தின் பயனாக 1925-ஆம் ஆண்டு திருச்செங்கோட்டிற்கு அணித்தான புதுப்பாளையத்திற் காந்தி ஆசிரமம் எழுந்தது. மழை பொய்க்கும் வறண்ட பகுதி அது. பெரிய மாளிகையில் வாழ்ந்த வழக்கறிஞர் ஆங்கே குடிசையில் தம் மக்களோடு குடியேறினார். நூல் நூற்றலும் கதர் நெய்தலும் சுற்றுப்புறக் கிராமத்தார்க்குக் கூலி தந்தன. தாழ்த்தப்பட்டோர் சமமாக நடத்தப்பட்டனர். ஆனால் உழைத்துப் பெற்ற காசு இல்லஞ் சேருமுன் கள்ளுக்கடையிற் புகுமாயின் எவ்வளவு கூலி கொடுத்தும் யாது பயன்? ஆகவே ஆசிரமத்தொண்டர் ஊர்தோறுஞ் சென்று குடியின் கேட்டை விளக்கலாயினர்.

1929-ஆம் ஆண்டில், மதுவிலக்கு ஒன்றனுக்காகவே விமோசனம் என்னும் மாத வெளியீட்டை இராஜாஜி தொடங்கினார். அதன் துணையாசிரியராக அமர்ந்தவர், பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி. எழுத்தறிவு குறைந்தோரும் கண்டு உணருமாறு படங்களும், கேட்போர் மனங்கொள்ளுமாறு கதைகளும் அதில் நிறைந்திருந்தன. உப்புச் சத்தியாக்கிரகம் 1930-இல் வந்தபோது இதழ் நின்றது. இராஜாஜி வேதாரணியத்தில் உப்பெடுத்துச் சிறை சென்றார். எனினும் அடுத்த ஆண்டிலேயே மதுவிலக்குத் தொண்டர்க்கு வழிகாட்டும் கையேடொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வாதம், கணக்கு, சட்டம் ஆகிய மூன்றையும் அவர் நெடுநாள் முன்னரே ஆயத்தஞ் செய்து வைத்திருந்தார் என்பதற்கு இது சான்று.

1937-ஆம் ஆண்டு ஜூலையிற் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரிப் பதவி அவரை வந்தடைந்தது. மாகாண வருவாயில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்நாளில் மதுவரியினின்றே வந்தது. அதனைத் துறந்தால் பள்ளிக்கூடம் நடப்பதெவ்வாறு, மருத்துவசாலை நடப்பதெவ்வாறு என்று அறிஞர் பலர் அஞ்சினர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1920-இல் ஏற்ற மதுவிலக்கை 1933-இற் கைவிட்டிருந்தமையும் எதிர்ப்போருக்குத் துணையாயிற்று. இராஜாஜியோ, குடியை வெறுக்கும் மக்களே பெரும்பாலாராயுள்ள இந்நாட்டை அந்நாட்டோடு ஒப்பிடலாகாது என்று கருதினார். பதவியேற்று மூன்று திங்கள் முற்றுமுன்னர், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், தம் சொந்தச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். கள், சாராயம் மட்டுமன்றிக் கஞ்சா முதலிய போதைப்பொருள்களும் சட்டத்தில் அடங்கின.

ஒரு ஜில்லாவில் மட்டும் அவர் தொடங்கியதில் ஆழ்ந்த அறிவுடைமை உண்டு. புதியதொரு மருந்தைச் சிறிதளவு கொடுத்துப் பார்க்கும் வைத்தியரைப்போல, பிழை நேரின் திருத்தவும், பயன் தெரியின் பெருக்கவும் இடம் வைத்தார். அந்நாளைச் சேலம் கலெக்டராயிருந்த டிக்ஸன் என்னும் ஆங்கிலேயர், குடியை இழந்தவனுக்கு மாலைப்பொழுது நீண்டு தோன்றும் என்பதை நன்குணர்ந்து, விளையாட்டு, பஜனை முதலியவற்றை ஊர்களில் ஊக்கினார். கடைக்குச் சென்றவன் வேறெங்கேனும் செல்லவேண்டுமன்றோ? கள்ளிறக்கித் தொழில் இழந்தார்க்குப் பதநீர் இறக்கி வெல்லங் காய்ச்ச அனுமதி தரப்பட்டது. சுண்ணாம்புக் கலயம் சட்டத்தின் ஒரு கூறாயிற்று.

1938-இற் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கும், அடுத்த ஆண்டு வடஆர்க்காட்டிற்கும் மதுவிலக்குப் பரவியது. குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இற் பொது விற்பனை வரிச் சட்டத்தை இராஜாஜி இயற்றினார். இந்நாட்டிற் பல பண்டங்களின்மேல் பொதுவாக விதிக்கப்பட்ட விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. பிற மாகாணங்களும் அதனைப் பின்பற்றின. வணிகர் முணுமுணுத்தனர். ஆயினும் ஏழையின் குடியால் வரும் பணத்தை விடுத்து, வாங்குவோர் அனைவரிடத்தும் சிறிது சிறிதாகப் பெறுவதே அறமெனக் கொண்டார். 1939-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகப்போரை முன்னிட்டு மந்திரிசபை விலகியது. பின்னர்க் கவர்னர் ஆட்சியில் மதுவிலக்கும் நிறுத்தப்பட்டது. மீண்டும் மக்களாட்சி வந்தபின் ஜில்லா ஜில்லாவாக விரிந்து, 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் மாகாணம் முழுவதும் அதன் எல்லைக்குள் வந்தது. அப்போது முதலமைச்சராய் இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். விதைத்தவர் ஒருவர், விளைவைக் கண்டவர் மற்றொருவர்.

நம் திருநெல்வேலிச் சீமைக்கு இச்சட்டம் ஒருவகையிற் புதிதன்று. இங்குள்ள பனையேறிகளிற் பெரும்பாலோர் முன்னரே பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சியே வாழ்ந்தனர். உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் கேளாதார் இலர். 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயரின் திருப்பணியும் பனையையே நம்பி வாழ்ந்த மக்களிடையே நிகழ்ந்ததன்றோ! ஆயினும் கள்ளைத் தடுக்க வந்த சட்டத்தால், பதநீர் இறக்குவோனும் அனுமதிச்சீட்டுப் பெறவேண்டியவனானான். குற்றமற்ற தொழிலாளியும் ஐயத்திற்கு ஆளாகக்கூடிய நிலை அது. நல்ல சட்டமும் ஏழையின் தோளிற் சிறிது சுமையை ஏற்றுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. இராஜாஜிக்கும் நம் நாட்டிற்கும் வேறு தொடர்பும் உண்டு. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர்தம் நெருங்கிய நண்பர். அந்நட்பின் பொருட்டுக் குற்றாலச் சாரலையும் அவர் நாடி வந்ததுண்டு. எட்டயபுரத்துப் பாரதி மண்டபத்தை 1947-இல் திறந்து வைத்தவரும் அவரே.

1948-இற் கவர்னர் ஜெனரலாகி, 1950 ஜனவரி 26-இல் நாடு குடியரசானபோது அப்பதவியினின்று நீங்கினார். போதை தரும் குடிவகைகளையும் உடலுக்குக் கேடான மருந்துகளையும், மருத்துவத் தேவைக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தாவாறு தடுக்க அரசு முயலவேண்டுமென்னும் நெறி, அக்குடியரசின் அரசியலமைப்பில் 47-ஆம் பிரிவாக இடம்பெற்றது. 1952 முதல் 1954 வரை மீண்டும் முதலமைச்சராய் இருந்தார். அவர் செய்தன அனைத்தும் நாடு போற்றியவையல்ல. 1938-இற் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், 1953-இற் கொணர்ந்த கல்வித்திட்டமும் பெரும் எதிர்ப்பை விளைத்தன; பின்னதன் காரணமாகவே அவர் பதவி துறக்க நேர்ந்தது. அவற்றிற் பிழை காண்போர் பலர். ஆயினும் மதுவிலக்கில் அவருடைய நேர்மையை ஐயுற்றவர் இலர்.

அந்நேர்மைக்கு இறுதிச் சோதனை 1971-இல் வந்தது. நிதிநெருக்கடியை முன்னிட்டு மதுவிலக்கைத் தளர்த்த மாநில அரசு முடிவு செய்தபோது, 92 வயது முதியவராகிய இராஜாஜி, கொட்டும் மழையில், முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று அதனைக் கைவிடுமாறு வேண்டினார். ஒரு நாள் மாகாணத்தை ஆண்டவர், நாட்டின் தலைமைப்பீடத்தில் அமர்ந்தவர், ஏழைக்குடும்பங்களுக்காக இரந்து நின்றார். அவ்வேண்டுகோள் அன்று பலிக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிற் கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அவர் சென்னையில் உயிர் நீத்தார். திறந்த அரசே 1973-இற் கள்ளுக்கடைகளையும் 1974-இற் சாராயக் கடைகளையும் மூடியது. அதனைக் காண அவர் இல்லை. 1981-இற் கடைகள் மறுபடியும் திறந்தன. 1983-இல் மதுவாணிபத்திற்கென அரசு நிறுவனம் தோன்றிற்று. 2003 முதற் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தலாயிற்று. மதுவருவாய்க்கு மாற்றாக வந்த விற்பனை வரியும் நிலைத்தது. மதுவருவாயும் திரும்பி வந்து சேர்ந்தது. இராஜாஜியின் வாழ்வைப் பயில்வோர் நெஞ்சில் தைக்கும் செய்தி இதுவேயாகும்.

அன்னாரின் முயற்சியினின்று நாம் கற்பது யாது? மூன்று கருமங்களை அவர் ஒருங்கே நோக்கினார். குடிப்பவன் கண்முன்னின்று கடையை அகற்றுதல் ஒன்று. அவனுக்கும் கள்ளிறக்கினவனுக்கும் வேறு தொழிலும் வேறு பொழுதுபோக்கும் காட்டுதல் மற்றொன்று. அரசாங்கத்தின் பசிக்கு வேறு உணவு தேடுதல் மூன்றாவது. இவற்றுள் ஒன்று தவறினும் மற்றவை நில்லா. கடையை மட்டும் மூடிப் பிற இரண்டையும் மறந்த இடங்களிற் கள்ளச்சாராயம் பெருகுதல் இயல்பு. கடைகள் திறந்திருந்தும் மலிவை நாடிய ஏழைகள் கள்ளச்சாராயத்திற்கு இரையாதலும் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூனிற் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நான்காவதொன்றும் உண்டு, அஃது அவர் காலத்தில் நன்கு விளங்காதது. குடியில் ஆழ்ந்தவன் குற்றவாளியல்லன், நோயாளி என்பதே அது. சேலத்திற் கடைகள் மூடப்படுவதற்கு ஈராண்டு முன்னர், 1935-இல், அமெரிக்காவில் குடியை விட விழைந்தோர் தாமே கூடி ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் சங்கமொன்று தோன்றியது. இன்று அஃது உலகெங்கும் பரவியுள்ளது. சென்னையில் 1980-இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போதையடிமைகளுக்குச் சிகிச்சையளிக்கத் தொடங்கியது. 1986-இல் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகச் சென்னை மருத்துவக் கல்லூரி ஆய்வாளராற் கண்டறியப்பட்டது. போதை ஏற்றிக்கொள்ளும் ஊசியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவதாலும் அந்நோய் பரவும். ஆகவே போதைத்தடுப்பும் நோய்த்தடுப்பும் கைகோத்துச் செல்லவேண்டியவாயின. இவ்விரண்டிலும் மருத்துவர் கண்ட உண்மை ஒன்றே: இகழப்படுபவன் ஒளிந்துகொள்வான், ஒளிந்தவனுக்கு மருந்து சென்று சேராது. சட்டம் செய்ய இயலாத இப்பணியை அன்பு செய்யவேண்டும். புதுப்பாளையத்துக் குடிசையில் ஏழைகளோடு ஏழையாய் வாழ்ந்தவரின் நெறி இதற்கு அயலானதன்று.

மாணவ நண்பர்களே! உங்களில் மருத்துவராவோர் உளர், ஆசிரியராவோர் உளர், அரசாங்க அலுவலராவோரும் உளர். உங்கள் தெருவிலோ, விடுதியிலோ, சொந்த இல்லத்திலோ போதையின் பிடியில் அகப்பட்ட ஒருவரை நீங்கள் என்றேனும் காணக்கூடும். அவரை எள்ளாது, அவருடைய குடும்பத்தாரின் கண்ணீரையும் மறவாது, தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நலம்பெற்று மீண்டபின் அவருக்குத் தொழிலும் துணையும் கிட்டுமாறு உதவுங்கள். சட்டத்தை இயற்றும் இடத்தில் ஒருநாள் நீங்கள் அமர்வீராயின், ஏழையின் கலத்திலிருந்து கருவூலத்தை நிரப்ப மறுத்த அம்முதியவரை நினைவிற் கொள்ளுங்கள்.