மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

காவிரித்தாய் வளம் கொழிக்கச் செய்யும் சோழவள நாடு, நெல்லை மட்டுமன்றி நல்லோர் பலரையும் உலகுக்கு அளித்துள்ளது. அவர்களுள் ஒருவர், வெள்ளி நாவினர் என்று புகழப்பெற்ற வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார்.

அவர் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதரின் மகனாகப் பிறந்தார். வறுமை வாட்டியபோதும் கல்வியைக் கைவிடவில்லை. கும்பகோணத்தில் படிப்பை முடித்து மாயவரத்தில் ஆசிரியரானார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகத் திகழ்ந்தார். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து நாட்டுப் பணி ஏற்றார். 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பன் நகரில் இந்திய மாணவர்க்கென எழுந்த கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது.

ஆயினும், மாணவியராகிய நாம் அவரை நினைக்க மற்றொரு காரணமும் உண்டு. 1929இல் விட்லி என்பவர் தலைமையில் அமைந்த தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷனில் அவரும் ஓர் உறுப்பினர். 1931இல் வெளிவந்த அதன் அறிக்கையைப் படிப்போர் நெஞ்சம் பதறும். சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளில் 5 வயதுப் பிஞ்சுகள்கூட நாளொன்றுக்கு 10, 12 மணி நேரம் உழைத்தனர். கூலியோ சிலருக்கு 2 அணா! பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் அடகு வைக்கப்பட்டனர். அவ்வறிக்கையின் பயனாக, 15 வயதுக்குட்பட்டோரின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என 1933இல் சட்டம் பிறந்தது.

அக்கொடுமை அடியோடு ஒழிந்ததா? இல்லையே! 2018இல் கஜா புயல் வீசிய பின்னர், கடனுக்காகத் தஞ்சை மாவட்டச் சிறுவன் ஒருவன் வேலைக்கு விடப்பட்ட செய்தியை நாளிதழ்கள் வெளியிட்டன.

இன்றைய சட்டத்தையும் நாம் அறிதல் வேண்டும். 14 வயது நிரம்பாதவரை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பெற்றோர்க்கு உதவலாம். கலை நிகழ்ச்சிகளுக்கும் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. 14 முதல் 18 வயதுக்குட்பட்டோர் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் ஈடுபடலாகாது. மற்ற வேலைகளில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மணி ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி நேரமே வேலை. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்குதல் கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. மீறுவோரைப் பற்றி 1098 என்ற தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

கோடை விடுமுறையில் ஜவுளிக்கடையில் நின்று அடுத்த ஆண்டுப் புத்தகச் செலவுக்குப் பணம் சேர்க்கும் தோழியர் நம்மிடையே உளர். அவர்தம் உழைப்பு போற்றத்தக்கதே. ஆனால், ஜூன் மாதம் பள்ளி மணி ஒலிக்கும்போது வகுப்பில் அவர்கள் இடம் காலியாக இருந்தால், அந்தக் கூலியால் பயன் என்ன?

1946ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். வலங்கைமானின் ஏழைச் சிறுவனை உலக அரங்கில் ஏற்றி வைத்தது கல்வியே அன்றோ! நாமும் உழைப்பை மதிப்போம். பள்ளியை ஒருநாளும் கைவிடாதிருப்போமாக!